நானே கேட்டாலும் சொல்லாதீங்க

அவளுடைய இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை உயரம். பிறவியில் வந்ததில்லை. பத்தொன்பது வருஷம் போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கீபோர்டைத் தட்டியதில் சேர்ந்த சொத்து. சட்டைக்கு அளவெடுக்கும் தையற்காரம்மா ஒவ்வொரு தடவையும் டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்ப்பாள். அது அப்படித்தான், தைங்க என்று இவள் சொல்லிவிடுவாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு சின்ன இணைய நிறுவனத்தில். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அதற்குள் எந்நேரமும் குளிரூட்டி ஓடும் இன்னொரு குட்டி அறை, அதில் விளக்கு மினுக்கும் பெட்டிகள். மொத்தம் அறுநூற்றுச் சொச்சம் இணைப்புகள். முதலாளி, கம்பத்தில் ஏறும் லைன்மேன், அவள் என்று மூன்றே பேர். வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அவள் நெட் அக்கா. தன்னைவிட இருபது வயது பெரியவர்கள்கூட அக்கா என்று கூப்பிடுவதை அவள் எப்போதோ சகித்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

பெரிய நிறுவனங்கள் அந்தத் தெருக்களில் வந்து கடை விரித்துப் பல வருஷம் ஆகிறது. வேகமும் அவர்களிடம் கூடுதல், விளம்பரமும் கூடுதல். இருந்தாலும் இந்த அறுநூறு பேர் நகரவில்லை. இங்கே போன் செய்தால் ஒரு மனுஷி எடுப்பாள் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் கிடையாது.

எடுத்ததும் எல்லாரும் சொல்வது ஒரே வசனம்தான். நெட் வரல. நெட் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். விசாரித்தால் பிரிண்டர் பாதிக் காகிதத்தோடு மல்லுக்கு நிற்பது தெரியும். ஒரு பல் மருத்துவருக்குத் திரையில் படம் தலைகீழாகிவிட்டது. அவர் மானிட்டரையே கவிழ்த்துப் புத்தகங்களை முட்டுக்கொடுத்து ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு, கழுத்து வலிக்கிறது என்று போன் செய்தார். ஓர் அம்மாள் துணி துவைக்கும் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது என்றாள். அது எங்க நெட் பெட்டி இல்லீங்களே என்று இவள் சொன்னதற்கு, உங்க பெட்டியிலயும் இதே மாதிரிதானே எரியும் என்று நியாயம் பேசினாள். இவளும் பொறுமையாகக் கேட்டு, தண்ணீர் வரும் குழாயில் இருக்கும் சல்லடையைக் கழுவச் சொன்னாள். விளக்கு அணைந்தது. அன்றோடு அந்தக் கட்டடம் முழுக்கத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் இவளே பொறுப்பாகிவிட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். இல்லை என்று மட்டும் சொல்லாதே, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை. புகார்ப் புத்தகத்தில் இரண்டு கட்டம் போட்டு வைத்திருந்தாள். ஒன்று லைன், இன்னொன்று மற்றவை. பத்து அழைப்பில் எட்டு மற்றவையில்தான் விழும்.

வீட்டுக்கு வரும்போது தொண்டையில் சத்தமே மிஞ்சியிருக்காது. கணவர் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர். தட்டைப் போட்டு உட்கார்ந்தால் அவரே ஆரம்பிப்பார். "எல்லாருக்கும் பேசித் தீர்த்துட்டு வந்துடறே. எனக்கு ஏதாவது மிச்சம் வெச்சிருக்கியா?" அவள் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைவாள். அவளுக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் எதையும் கேட்காமல் இருந்தால் போதும். அந்த ஒரு நாளும் பத்தொன்பது வருஷத்தில் வாய்க்கவில்லை.

இந்தக் கதையின் முடிச்சு எட்டு வருஷத்துக்கு முன்னால் விழுந்தது. ஒரு கணக்கு வாத்தியார் தன் மெயிலுக்குப் பாஸ்வேர்டை மறந்துவிட்டார். மறந்தால் மீட்பதற்கென்று கொடுத்திருந்த போன் நம்பர், எப்போதோ தூக்கிப் போட்ட பழைய சிம்முடையது. பத்து வருஷம் அவர் எழுதி வைத்த பாடங்களெல்லாம் அந்த மெயிலுக்குள் மாட்டிக்கொண்டன. அவர் அந்த மாடிப்படி அறையில் நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்ததை அவளால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து தானாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். யாருக்கு மெயில் திறந்துகொடுத்தாலும், மீட்கும் நம்பர் என்ற இடத்தில் ஆபீஸ் மொபைல் நம்பரைப் போட்டுவிடுவாள். மனிதர்கள் சிம்மை மாற்றுவார்கள், போனைத் தொலைப்பார்கள். ஆபீஸ் நம்பர் என்றைக்கு மாறப்போகிறது?

அப்படியே நூற்று நாற்பத்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய பாஸ்வேர்டுகளை நீல அட்டை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். எவராவது தாமாகவே பாஸ்வேர்டை மாற்றி அதையும் மறந்துவிட்டால் ஆறு இலக்க ஓடிபி ஆபீஸ் மொபைலுக்கு வரும். அது ஐந்தாம் எண் தேய்ந்துபோன ஒரு பழைய பட்டன் போன். அவள் கைப்பையிலேயே குடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை குளித்துக்கொண்டிருக்கும்போதும் அது கூப்பிடும், அவளும் தலையைத் துவட்டிக்கொண்டே யாருக்காவது வழி சொல்வாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் இன்னொன்று நடந்தது. யாரோ ஏமாற்றுக்காரர்கள் போன் செய்து, நெட் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், ஓடிபியைச் சொல்லுங்கள் என்று கேட்டு, நாலைந்து வாடிக்கையாளர்களின் பணத்தை வழித்தெடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த அழைப்பாக இருந்தாலும் கடைசியில் இதைச் சொல்லாமல் போனை வைக்க மாட்டாள்: "யார் போன் பண்ணிக் கேட்டாலும் நம்பரைச் சொல்லாதீங்க. எங்க ஆபீஸ்னு சொன்னாலும் சொல்லாதீங்க. நானே கேட்டாலும் சொல்லாதீங்க." தூக்கத்திலும் இதையே முணுமுணுக்கிறாள் என்று கணவர் சத்தியம் செய்வார். மனிதர்களுக்கு ஒரு விஷயம் மண்டையில் ஏற எத்தனை தடவை சொல்ல வேண்டும் என்று அவளுக்குக் கணக்கே இல்லை. காற்றோடு பேசுகிறோம் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் முதலாளி அவளையும் லைன்மேனையும் உட்காரச் சொன்னார். நிறுவனத்தை ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவருக்கு அறுபத்திரண்டு வயது, ரத்த அழுத்தம், மாத்திரை டப்பா மேஜை மேலேயே இருக்கும். "எனக்குப் போதும்னு ஆயிடுச்சும்மா. உங்க ரெண்டு பேருக்கும் வேலை குடுக்கணும்னு எழுதி வாங்கிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்." அவர்மேல் கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. தெம்பிருந்தாலும் கோபப்பட்டிருக்க மாட்டாள். களைப்பு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா?

மதியம் புதுக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, அட்டைக்கு மேல் பளபளக்கும் முகம். புகார்ப் புத்தகத்தைப் புரட்டி, மற்றவை என்ற கட்டத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போனார். இதெல்லாம் நம்ம வேலையே இல்லையே என்றார். முதலாளி மாத்திரையை விழுங்கிவிட்டு, "அதைச் செஞ்சதனாலதான் சார் அவங்க நம்ம கஸ்டமர்" என்றார். அட்டைக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பழைய நம்பர்கள் எல்லாம் நிறுத்தப்படும், அடுத்த திங்கட்கிழமை எல்லாரும் புது இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று சொன்னார்.

பழைய நம்பர்கள் என்றதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மொபைல் நம்பருமா என்று கேட்டாள். அதுவும்தான். என் பேருக்கு மாற்றித் தர முடியுமா? கம்பெனி நம்பரை அப்படிக் கொடுக்க விதி இல்லை. ஒரு மாதம் மட்டும்? இல்லை. சரி, அந்த நம்பர் அப்புறம் என்ன ஆகும்?

"கொஞ்ச நாள் சும்மா இருக்கும் மேடம். அப்புறம் வேற யாருக்காவது போயிடும்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் புருவத்தைத் தூக்கி, கஸ்டமர் மெயிலுக்கு நம்ம நம்பரைப் போடச் சொன்னது யார் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. அதுதான் உண்மை. அவளாகச் செய்தது. இன்னும் கொஞ்ச மாதத்தில் முகம் தெரியாத ஒருவன் கையில் நூற்று நாற்பத்தாறு வீட்டுச் சாவி போய்ச் சேரும். பாஸ்வேர்டை மறக்கிறவர்கள் வாசலில் நிற்பார்கள். நெட் அக்கா போட்டுக்கொடுத்த பூட்டு என்று அவர்களுக்குத் தெரியக்கூடப் போவதில்லை. விட்டுவிடுங்கள் மேடம், நம் பொறுப்பு இல்லை என்று அட்டைக்காரர் கைகழுவினார். அவளால் கழுவ முடியவில்லை.

அவர் போனதும் வேலையை ஆரம்பித்தாள். வழி சுலபம்தான். நோட்டில் இருக்கும் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே நுழைந்து, ஆபீஸ் நம்பரை எடுத்துவிட்டு, வாடிக்கையாளருடைய சொந்த நம்பரைப் போட வேண்டும். அவர் போனுக்கு ஓர் ஓடிபி வரும். அதை அவர் படித்துச் சொன்னால் முடிந்தது. நோட்டில் இருக்கும் பாஸ்வேர்ட் எங்காவது ஒத்துப்போகாவிட்டால் மீட்பதற்கு ஆபீஸ் மொபைல் வேண்டும், அதனால் எல்லாம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் முடிந்தாக வேண்டும்.

முதல் அழைப்பு ஒரு தையற்கடைக்கு. ஓடிபி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் போன் துண்டிக்கப்பட்டது. இரண்டாவது ஆள், உன்மேல் போலீசில் சொல்லுவேன் என்றார். மூன்றாவது, எட்டு வருஷமாக வாரம் தவறாமல் பேசுகிற அம்மாள். முழுக்கக் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னாள்: "குரல் அச்சு அசல் எங்க அக்கா குரலேதான். இப்பல்லாம் மெஷின்லயே குரலைச் செய்றாங்களாமே. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க."

அன்று மாலைக்குள் முப்பத்தொரு பேரைக் கூப்பிட்டாள். நான்கு பேர்தான் ஓடிபியைச் சொன்னார்கள். அந்த நான்கு பேரையும் நினைத்து அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. இத்தனை சொல்லியும் சொல்லிவிட்டார்களே! மற்ற இருபத்தேழு பேரும் அவள் பேச்சைத் தட்டாமல் கேட்டவர்கள். காற்றோடு பேசவில்லை என்று தெரிந்துகொள்ள இதைவிட மோசமான நாள் அமைந்திருக்காது.

நேரில் போவதைத் தவிர வேறு வழியில்லை. லைன்மேன் எப்படியும் பழைய பெட்டிகளில் புதுக் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்ட வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. வாங்கக்கா, பின்னால உட்காருங்க என்று ஸ்கூட்டரைத் திருப்பினான். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவள் படி ஏறினாள், இறங்கினாள். முகத்தைப் பார்த்ததும் ஜனங்கள் நம்பினார்கள். அவள் உட்கார்ந்து நம்பரை மாற்றுவாள். ஓடிபி வந்ததும் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். நீங்களே போடுங்க, என்கிட்ட காட்டாதீங்க என்பாள். சொன்ன சொல்லை அவளும் காப்பாற்ற வேண்டுமே.

அதோடு விட்டார்களா? வந்ததுதான் வந்தீங்க என்று ஆரம்பிப்பார்கள். பிரிண்டரை ஒரு தடவை பார்த்துடுங்க, போட்டோ எல்லாம் எங்கே போச்சுன்னு தெரியல, டிவியில சத்தம் வரல. முழங்கால் வலியோடு அவள் மேஜைக்கு அடியில் குனிந்து பிளக்கைச் சொருகினாள். நேரமில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். கீழே லைன்மேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான். பல் மருத்துவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஐந்து நிமிஷம் இந்த நாற்காலியில் சாய்ந்துகொள்ளுங்கள் என்றார். பல் பிடுங்கும் நாற்காலியில் சாய்ந்து அவள் அசந்து தூங்கிப்போனாள். அந்த வாரத்தில் அவளுக்குக் கிடைத்த ஓய்வு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மிச்சமிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி ஆபீசுக்கே வந்துவிட்டார்கள். மூன்று மணிக்கு நோட்டில் எல்லாப் பெயரும் அடிக்கப்பட்டிருந்தது, ஒன்றைத் தவிர. மோட்டார் மெக்கானிக்.

கிணற்றிலும் ஆழ்துளையிலும் இறங்கும் தண்ணீர் மோட்டார்களைத் தூக்கிச் சரிசெய்கிற பெரியவர் அவர். அறுபது தாண்டியவர். எந்த வீட்டு மோட்டார் எத்தனை அடியில் கிடக்கிறது, எந்த நிறக் கம்பி எதோடு சேர்கிறது என்று ஏழெட்டு வருஷமாகப் படமெடுத்துத் தன் மெயிலில் போட்டு வைத்திருந்தார். அவர் தொழிலே அதற்குள்தான் இருந்தது. பாஸ்வேர்டை மறப்பதிலும் அவர்தான் முதலிடம். போன வருஷம் மட்டும் பதினோரு தடவை அவள் மீட்டுக் கொடுத்திருக்கிறாள். ஆக, வேறு யாருக்குத் தப்பினாலும் அவருக்குத் தப்பாது. ஐந்து மணிக்குள் மாற்றாவிட்டால் அடுத்த மாதமே அத்தனையும் போய்விடும். அவர் நான்கு நாளாகப் போனை எடுக்கவில்லை. வெளியூரில் வேலை என்று வீட்டில் சொன்னார்கள்.

நான்கு மணிக்கு அவர் வாசலில் போய் இறங்கினாள். இப்போதுதான் வந்ததாகச் சொன்னார். முன்னறை முழுக்கப் பிரித்துப் போட்ட மோட்டார்கள், செம்புக் கம்பிச் சுருள்கள், கிரீஸ் வாடை. ஜன்னலோரம் ஒரு பழைய மேஜையில் கம்ப்யூட்டர். அதற்கு மேலே சுவரில் செலோடேப் போட்டு ஒட்டிய ஒரு தாள்.

அவள் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒன்று விடாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு அந்தத் தாளைக் காட்டினார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தாண்ணே."

"கடைசி வரியைப் படி."

அவள் படித்தாள். நானே கேட்டாலும் சொல்லாதீங்க. அவளுடைய கையெழுத்துதான். ஞாபகம் நிற்கமாட்டேன் என்கிறது, எழுதிக்கொடு என்று அவர்தான் கேட்டு வாங்கியிருந்தார்.

"அப்புறம் எப்படி தங்கச்சி நான் சொல்றது?"

சொல்ல வேண்டாம், நீங்களே போடுங்கள், நான் திரும்பிக்கொள்கிறேன் என்றாள். நீ பக்கத்தில் இருந்தால் கேட்ட மாதிரிதான் என்றார். துருப்பிடித்த நட்டை விட்டாலும் விடுவார், பிடித்த வார்த்தையை விடமாட்டார். பத்தொன்பது வருஷத்தில் வாடிக்கையாளர் ஒருவரிடம் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள்.

"போன வருஷம் பதினோரு தடவைண்ணே. பதினோரு தடவையும் எடுத்துக் குடுத்தது யாரு? இன்னிக்கு என்னையே நம்ப மாட்டேங்கறீங்களே!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அசையவில்லை. "நம்பாம இல்ல தங்கச்சி. நீ வெளிய நின்னு சொல்லு, போன்ல சொல்ற மாதிரி. நான் போடறேன்" என்றார்.

மணி நான்கு இருபது. அவள் வெளியே வந்து, ஜன்னலுக்குக் கீழே கிடந்த மரப்பெட்டியில் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். யோசித்தால் இதுதான் அவளுக்குப் பழக்கமான இடம். பத்தொன்பது வருஷமும் யாருடைய திரையையும் பார்க்காமல்தானே வழி சொல்லியிருக்கிறாள். மேலே வலது மூலையில் வட்டமா உங்க பேர் இருக்கும், அதை அமுக்குங்க. இப்ப மூணாவது வரி. இல்லண்ணே, கீழே வாங்க, இன்னும் கீழே. பாஸ்வேர்ட் கேட்டது. நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்து ஜன்னல் கம்பி வழியாகக் கொடுத்தாள். உள்ளே ஒற்றை விரல் கீபோர்டில் குத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவர் போன் ஒரு தடவை மணியடித்தது. ஓடிபி வந்துவிட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. தப்பாகப் போட்டார், மறுபடி வரவழைத்தார், மறுபடியும் தப்பாகப் போட்டார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது அவள் கைப்பைக்குள் பழைய போன் அதிர்ந்தது. இந்த நம்பர் அந்தக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்று செய்தி. நூற்று நாற்பத்தாறும் முடிந்துவிட்டது.

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகத்தில் ஒரு சின்னப் பெருமை.

"பாஸ்வேர்டையும் நானே மாத்திட்டேன். என்னன்னு கேக்காதே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"எழுதி வைக்கக் கூடாதுன்னும் நீதானே சொன்னே?"

சொன்னதுதான். மறுத்துப் பேச அவளிடம் ஒரு துளிகூடத் தெம்பில்லை. சரிண்ணே என்று எழுந்துவிட்டாள். ஸ்கூட்டரில் போகும்போது போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து காணாமல் போயின. ரொம்ப லேசாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். லேசாக இல்லை. லைன்மேனின் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொள்ள மாட்டோமா என்று இருந்தது. சனிக்கிழமை கணவர் நீல நோட்டை அச்சகத்துக்குக் கொண்டுபோய், காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வைத்து நூல் நூலாக நறுக்கிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை புது இடம். மூன்றாவது மாடி, நீளமான கூடம், நாற்பது தலைகள், நாற்பது ஹெட்போன்கள். தோளில் இடுக்க வேண்டியதில்லை என்று மட்டும் ஒரு நிம்மதி. பழைய பகுதியின் அழைப்புகள் இவளுக்கே வரும்படி செய்திருந்தார்கள். மேஜையில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. மன்னிக்கவும், இது எங்கள் சேவைக்குள் வராது. வேறு ஏதேனும் உதவி தேவையா? ஓர் உதவியும் செய்யாமலேயே வேறு உதவி தேவையா என்று கேட்கிற இந்த வாக்கியத்தை எழுதினவர் யாரோ! சம்பந்தமில்லாத எதைக் கேட்டாலும் இதைத்தான் படிக்க வேண்டும். மூன்று மாதம் சோதனைக் காலம், இரண்டு தடவை மீறினால் வீட்டுக்குப் போகலாம். மேற்பார்வைப் பெண் பின்னால் நின்று இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவருக்கு அச்சகத்தில் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்பது இவளுக்கு ஞாபகம் இருந்தது.

முதல் இரண்டு அழைப்பும் நல்ல வேளையாக நிஜமாகவே லைன் கோளாறு. மூன்றாவது வந்தது.

"நெட் வரலம்மா."

திரையைப் பார்க்கும் முன்பே குரலைத் தெரிந்துகொண்டாள். மோட்டார் மெக்கானிக். அவர் வீட்டு லைன் பச்சையாக, சுத்தமாக இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"பாஸ்வேர்ட் தப்புங்குது. வெள்ளிக்கிழமை நானே மாத்தினது, பாதிதான் ஞாபகம் இருக்கு. வேலை முடிஞ்சதும் மெயிலை மூடிட்டு வெளிய வந்துடணும்னு சொல்லியிருக்காங்க, அப்படித்தான் வந்தேன். இப்ப உள்ள விடமாட்டேங்குது. மோட்டார் எத்தனை அடியில இருக்குன்னு போட்டோ பாக்கணும். பக்கத்து வீட்டுல ஆளுங்க கயிறோட நிக்கறாங்க."

மூன்று வாக்கியம் போதும். மறந்துவிட்டேன் என்பதை அமுக்குங்கள். உங்கள் போனுக்கே ஓடிபி வரும். அதைப் போடுங்கள். வாரம் முழுக்க அவள் ஏறி இறங்கியதே இதற்குத்தானே. இரண்டு நிமிஷ வேலை. பின்னால் மேற்பார்வைப் பெண் அட்டையை விரலால் தட்டினாள்.

அவள் படித்தாள். மன்னிக்கவும், இது எங்கள் சேவைக்குள் வராது. வேறு ஏதேனும் உதவி தேவையா?

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ கயிற்றை இழுத்துப் பிடி என்று சொல்வது மட்டும் கேட்டது. பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"யாரும்மா பேசறது? குரல் எங்க தங்கச்சி குரல் மாதிரியே இருக்கு."

அவளால் அடக்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும் என்று ஒரு நொடி தோன்றியது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "அண்ணே, நான்தாண்ணே" என்றாள்.

"இல்லம்மா." அவர் குரலில் கோபமே இல்லை. "குரலை இப்ப மெஷின்லயே செய்றாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தான். எங்க தங்கச்சி இப்படிச் சொல்லவே மாட்டா. நீங்க யாரோ. வெச்சுடறேன்."

வைத்துவிட்டார். இத்தனை வருஷமும் அவளை நீ என்றே கூப்பிட்டவர். அவள் சொல்லிக் கொடுத்தபடிதான், ஒரு வரி பிசகாமல் செய்திருக்கிறார். மேற்பார்வைப் பெண் தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும் ஆட்களை அவள் நினைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

ஏழு நொடி கழித்து அடுத்த அழைப்பு தானாக வந்து விழுந்தது. யாரோ ஒரு பெண், நெட் வரல என்றாள்.